பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி நிர்வாகத்துக்கு: மூன்றாம் பேஸில் இப்போது யார்? (2026 ஜனவரி)

மதிப்புக்குரிய உரிமையாளர் ஜான் ஹென்றி, தலைவர் டாம் வெர்னர், நிர்வாகத் தலைவர் சாம் கென்னடி, பேஸ்பால் அதிகாரி க்ரெய்க் ப்ரெஸ்லோ அவர்களுக்கு,

2025 பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மனை மூன்று ஆண்டு, 120 மில்லியன் டாலருக்கு எடுத்தீர்கள். அவருக்கு இடம் கொடுப்பதற்காக ரஃபேல் டெவர்ஸை மூன்றாம் பேஸிலிருந்து (ஓடுபவர்கள் தொடும் மூன்றாம் நிலையைக் காக்கும் இடம்) எழுப்பினீர்கள். ஜூன் 15 அன்று டெவர்ஸை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டீர்கள். சீசன் முடிந்ததும் பிரெக்மன் தன் ஒப்பந்தத்தில் இருந்த விலகும் உரிமையைப் பயன்படுத்தினார். 2026 ஜனவரியில் ஐந்து ஆண்டு, 175 மில்லியனுக்கு சிகாகோ கப்ஸில் சேர்ந்தும் விட்டார். ஓர் இடத்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் வைத்திருந்த அணிக்கு ஒரு வருடம் முடிவதற்குள் ஒருவரும் மிச்சமில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

ஆங்கிலத்தில் உங்களைத் திட்ட இந்த ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. விளையாட்டு வானொலியைத் திருப்பினால் போதும். வொர்செஸ்டரையும் பாஸ்டனையும் சுற்றியுள்ள தமிழ் வீடுகளிலும் 162 ஆட்டங்களையும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். படித்துச் சொல்ல உங்கள் அலுவலகத்தில் யாராவது கிடைப்பார்கள்.

டெவர்ஸ் விவகாரத்தை உங்கள் தரப்பு இன்றுவரை ஒரு வீரரின் பிடிவாதமாகவே சொல்லி வருகிறது. அணி கேட்டது, அவர் மறுத்தார், நோக்கம் ஒத்துப்போகவில்லை, பிரிந்தோம் என்கிறீர்கள். நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு.

2023 ஜனவரியில் அவருக்கு நீங்கள் கொடுத்தது பத்தாண்டு, 313.5 மில்லியன். இந்த அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். மூன்றாம் பேஸில் அவர் ஒருபோதும் நல்ல தடுப்பாளர் அல்ல. அது உங்களுக்கும் தெரியும், மேல் வரிசை மலிவு இருக்கைக்காரருக்கும் தெரியும். பிரெக்மன் 2024இல் அதே இடத்துக்குத் தங்கக் கையுறை (சிறந்த தடுப்பாளர் விருது) வாங்கியவர். ஆக, மாற்றம் சரிதான். தவறு அதைச் செய்த விதத்தில். 2025 வசந்த காலப் பயிற்சி தொடங்கும் நாளில் 'நான் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரன்' என்று டெவர்ஸ் பத்திரிகையாளர்களிடம் சொல்லும் நிலை வந்தது. அந்த உரையாடல் முன்கூட்டியே, மூடிய கதவுக்குப் பின்னால் முடிந்திருக்க வேண்டும். கடைசியில் அவர் டிஎச் (தடுப்பில் இறங்காமல் மட்டை மட்டும் பிடிப்பவர்) ஆக ஒப்புக்கொண்டார். கையுறையை எடுத்து வைத்துவிடும்படி அணியே தன்னிடம் சொன்னதாகவும் பிறகு சொன்னார்.

மே 2 அன்று முதல் பேஸை நோக்கி ஓடிய முதல் பேஸ் ஆட்டக்காரர் ட்ரிஸ்டன் காசஸுக்கு இடது முழங்கால் தசைநார் அறுந்தது. சீசன் முடிந்தது. அடுத்த சில நாளில், கையுறையை வைக்கச் சொன்ன அதே ஆளிடம் போய் முதல் பேஸ் ஆடக் கேட்டீர்கள்.

இங்கே ஆட்டத்தின் தொழில் பக்கத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'முதல் பேஸ் யார் வேண்டுமானாலும் ஆடலாம்' என்ற பேச்சு அப்போது நிறைய அடிபட்டது. முதல் பேஸ் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் வேறெந்த உள்வட்டக்காரரையும் விட அதிகமாகப் பந்தைக் கையாளுகிறார். தரையில் உருளும் பந்தைத் தடுக்கும்போது அவர் பேஸிலிருந்து பல அடி தள்ளி நிற்பார். பந்து வேறொருவரிடம் போனால் ஓடி வந்து, கீழே பார்க்காமலே காலால் பேஸின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, எறியப்படும் பக்கம் உடலை நீட்ட வேண்டும். ஒரு நொடி முன்னதாக நீட்டிவிட்டால் பந்து விலகும்போது திரும்ப முடியாது. நடுவில் தரைதட்டி எழும்பும் எறிவைக் கையுறையால் அள்ள வேண்டும். அது தவறினால் ஓடுபவர் இரண்டாம் பேஸில் நிற்பார், பிழை எறிந்தவர் கணக்கில் ஏறும். ஓடுபவரை பேஸோடு கட்டி வைப்பது, வலதுபக்கப் பந்துக்கு பந்து வீசும் பிட்சரோடு பேஸை யார் மூடுவது என்று கத்திச் சொல்வது, இரண்டாம் பேஸுக்கு எறிந்துவிட்டுத் திரும்ப எறிவு வருவதற்குள் பேஸுக்கு ஓடுவது, இவை எல்லாம் மூன்றாம் பேஸில் கிடையாது. கோணமே தலைகீழ். எட்டாண்டு மூன்றாம் பேஸில் நின்ற கண்ணுக்கு மட்டையிலிருந்து வரும் பந்தின் சுழற்சி மறுபக்கமாகத் தெரியும்.

கற்க முடியாதது அல்ல, நாள் பிடிக்கும். சான் ஃபிரான்சிஸ்கோ என்ன செய்தது? ஜூன் நடுவில் டெவர்ஸ் வந்ததும் முதல் பேஸ் பயிற்சியில் இறக்கியது. ஆட்டத்தில் முதல் பேஸில் நிறுத்தியது ஜூலை பிற்பகுதியில்தான். ஐந்து வாரம் போல. அங்கே அவர் மறுக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2025 சீசனுக்காக மூக்கி பெட்ஸை வலது புறக்களத்திலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே) கொண்டுவந்தபோதும் பயிற்சிக்காலம் கொடுத்தே செய்தது; இளவயதில் உள்வட்டத்தில் வளர்ந்தவர் என்பதும் உதவியது. நீங்கள் கேட்டதோ மே மாதத்தில், சீசன் நடுவில், முதலில் அவமானப்பட்ட ஒருவரிடம். டெவர்ஸ் தரப்பிலும் குறை உண்டு. 300 மில்லியன் வாங்குகிற ஆள் அணி திண்டாடும்போது குறைந்தபட்சம் பயிற்சிக்காவது போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு மேலாளர்கள் தங்கள் வேலையைப் பார்க்கட்டும் என்று பேட்டி கொடுத்தது அழகல்ல. ஆனால் வீரரின் முகச்சுளிப்பைச் சமாளிப்பதும் நிர்வாகத்தின் வேலைதான். உரிமையாளரே விமானம் ஏறி கான்சஸ் சிட்டி போய்ப் பேச வேண்டி வந்ததென்றால், அதற்குக் கீழே இருந்த எல்லா அடுக்கும் தோற்றது என்றுதான் பொருள்.

காயம் யாருக்கும் வரும். அதைக் கணிக்க முடியாது என்பீர்கள். காசஸ் 2024இல் விலா எலும்புக் குருத்தெலும்பு கிழிந்து சீசனின் பெரும்பகுதியை இழந்தவர். அப்படிப்பட்டவருக்குப் பின்னால் 40 பேர் பட்டியலில் முதல் பேஸை வழக்கமாக ஆடக்கூடிய ஒருவர் இருந்தாக வேண்டும். நீங்கள் வைத்திருந்தது ரோமி கோன்சலேஸ், ஏப்ரஹாம் டோரோ. இருவரும் பல இடம் ஆடும் உதவி ஆட்டக்காரர்கள். பிறகு புதுமுகம் கிறிஸ்டியன் கேம்பலை முதல் பேஸ் பழகச் சொன்னீர்கள். அவர் இரண்டாம் பேஸையே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் வாஷிங்டன் விட்டுவிட்ட நதானியல் லோவை எடுத்தீர்கள். காயத்துக்கும் அதற்கும் இடையே மூன்றரை மாதம். லோ போன்ற ஒருவர் பிப்ரவரியிலேயே இருந்திருந்தால் டெவர்ஸிடம் கேட்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

இன்னொரு சிக்கலும் அதே அறையில் இருந்தது. டெவர்ஸை டிஎச் ஆக்கினால், ஐந்தாண்டு 90 மில்லியன் ஒப்பந்தத்தில் இருக்கும் மசடகா யோஷிடா எங்கே போவார்? அவர் தோள் அறுவையிலிருந்து தேறிவந்ததால் ஜூலை வரை அந்தக் கேள்வி தள்ளிப்போனது. புறக்களத்தில் டுரான், அபிரெயு, ராஃபேலா, அடுத்து ரோமன் ஆந்தனி. எந்தக் கோட்டை எப்படிப் போட்டாலும் ஒருவர் வெளியே நிற்பார். பிரெக்மனுக்குக் கையெழுத்துப் போட்ட நாளில் இந்தப் படத்தை யாராவது வெள்ளைப் பலகையில் வரைந்து பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்து, கொடுத்ததற்கு வாங்கியது. நியூயார்க் யாங்கீஸை சொந்த மைதானமான ஃபென்வேயில் மூன்று ஆட்டத்திலும் வென்ற அன்றைக்கே டெவர்ஸ் போனார். அப்போது அவர் 15 ஹோம் ரன், 58 ஆர்பிஐ (அவர் மட்டையால் அணிக்கு வந்த ரன்கள்). வந்தவர்கள் நால்வர்: ஜோர்டன் ஹிக்ஸ், கைல் ஹாரிசன், ஜேம்ஸ் டிப்ஸ், ஹோசே பெயோ. ஹிக்ஸ் பாஸ்டனுக்காக வீசியதில் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி) 8.20, 2027 வரை ஆண்டுக்கு 12 மில்லியன் அளவில் அவருக்குச் சம்பளம் உண்டு. ஹாரிசன் மிச்ச சீசனின் பெரும்பகுதி வொர்செஸ்டரிலுள்ள உங்கள் துணை அணியில் இருந்தார். டிப்ஸ் 2024 டிராஃப்டில் (புதுமுகங்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) 13ஆவதாக எடுக்கப்பட்டவர், இந்த ஒப்பந்தத்தின் மதிப்புள்ள பாதி என்று நீங்களே விற்ற சரக்கு. ஆறே வாரத்தில் அவரை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து டஸ்டின் மேயை வாங்கினீர்கள். மே சில ஆட்டங்கள் வீசி, முழங்கை கோளாறோடு சீசனை முடித்து, ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்டாகப் போய்விட்டார். பெயோ இன்னும் கீழ்மட்ட லீக்கில் இருக்கும் இளைஞர். டெவர்ஸ் இரண்டு அணியிலும் சேர்த்து 163 ஆட்டம் ஆடி 35 ஹோம் ரன்னோடு முடித்தார். அட்டவணையில் இருப்பதே 162.

'அவர் போன பிறகு அணி நன்றாக ஆடியதே' என்பது உங்கள் வலுவான பதில், அதை மறைக்க மாட்டேன். 37-36 என்று இருந்த அணி 89-73இல் முடிந்தது. போன பிறகு 52 வெற்றி, 37 தோல்வி. பிட்சர் காரட் குரோஷே வீசியதும், ஆந்தனி வந்ததும், அறையில் சச்சரவு ஓய்ந்ததும் காரணம். ஆனால் அக்டோபரில் என்ன ஆயிற்று? யாங்கீஸோடு மூன்று ஆட்டம். முதலாவதில் குரோஷே தனியாக இழுத்துக் கொடுத்த 3-1 வெற்றி, பிறகு 3-4, பிறகு 0-4. மூன்று ஆட்டத்தில் மொத்தம் ஆறு ரன். ஆந்தனி காயத்தில் இருந்தார் என்பது உண்மை. அப்படி ஒருவர் விழுந்தால் தாங்க இன்னொரு பெரிய மட்டை வேண்டும் என்பதுதான் பட்டியல் போடுவதன் சாரமே. 2025இல் இந்த அணியில் அதிக ஹோம் ரன் அடித்தவர் ட்ரெவர் ஸ்டோரி, 25. முப்பதைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. ஃபென்வேயின் இடது சுவர் 310 அடியில் நிற்கிற ஊரில் இது.

பணத்துக்கு வருவோம். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கிறது என்று ரசிகர்கள் நினைக்கிறோம். நீங்கள் இல்லை என்கிறீர்கள். டெவர்ஸின் மிச்ச ஒப்பந்தம் முழுவதையும், 250 மில்லியனுக்கு மேல், சான் ஃபிரான்சிஸ்கோ ஏற்றுக்கொண்டது. நீங்கள் பாதிச் சம்பளத்தைக் கொடுத்திருந்தால் வந்திருக்கும் வீரர்கள் வேறு தரத்தில் இருந்திருப்பார்கள். ஆக நீங்கள் தேர்ந்தெடுத்தது பணவிடுதலையை. அதைத் தவறு என்று கூடச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லுங்கள் என்கிறேன்.

அதே ஊரில் அதே மாதத்தில் இன்னொரு அணியும் பெரிய வீரர்களைக் கழற்றிவிட்டது. 2024இல் பதினெட்டாவது பட்டம் வென்ற கூடைப்பந்து அணி செல்டிக்ஸ், 2025 ஜூனில் ஜ்ரூ ஹாலிடேயை போர்ட்லண்டுக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது. லூக் கோர்னெட் சான் அன்டோனியோ போனார். அல் ஹோர்ஃபோர்ட் கோல்டன் ஸ்டேட் போனார். பட்டம் வென்ற அணியின் நெட்டைக்காரர்கள் மூவருமே ஒரே கோடையில் காலி. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் தெருவில் கோபம் அதே அளவில் இல்லை. ஏன்?

கூடைப்பந்தில் அங்கே ஒரு சுவர் இருக்கிறது. 2023இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 'இரண்டாம் ஏப்ரன்' என்றொரு கோட்டைப் போட்டது. 2025-26க்கு அது 207.8 மில்லியன். அதைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை ட்ரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) வாங்க முடியாது. அனுப்புவதைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. பணம் சேர்த்து அனுப்ப முடியாது. சம்பள வரம்பைத் தாண்டியும் ஃப்ரீ ஏஜென்ட்களை எடுக்க உதவும் மிட்-லெவல் விலக்கு கிடையாது. ஏழாண்டுக்குப் பிந்தைய முதல் சுற்று டிராஃப்ட் உரிமை உறைந்துவிடும்; தொடர்ந்து கோட்டுக்கு மேலேயே இருந்தால் அது சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். இதற்கு மேல் வரி. அடிக்கடி வரி கட்டும் அணிக்கு முதல் தட்டிலேயே ஒரு டாலருக்கு மூன்று டாலர், மேலே போகப் போக ஐந்தும் ஆறும். பழைய அணியை அப்படியே வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து ஓராண்டுக்கு 500 மில்லியனை ஒட்டிப் போயிருக்கும். போதாததற்கு மே 12 அன்று ஜேசன் டேட்டமின் வலது குதிகால் நாண் அறுந்தது. அடுத்த சீசன் எப்படியும் குறை சீசன்தான்.

செல்டிக்ஸின் அணியை அமைக்கும் பிராட் ஸ்டீவன்ஸ் மழுப்பவில்லை. அந்த ட்ரேடுகளுக்கு இரண்டாம் ஏப்ரன்தான் காரணம் என்று நேராகவே சொன்னார். செய்ததும் அதற்கேற்ப இருந்தது. ஹாலிடேக்கு மூன்றாண்டில் 104 மில்லியன் மிச்சம் இருந்தது. மாற்றாக வாங்கிய ஆன்ஃபர்னி சைமன்ஸின் ஒப்பந்தம் ஓராண்டில் முடிவது, 27.7 மில்லியன். போர்ஸிங்கிஸின் 30.7 மில்லியனுக்கு ஈடாக வந்த ஜார்ஜ் நியாங்கின் சம்பளம் 8.2; வித்தியாசம் 22.5 மில்லியன் ட்ரேட் விலக்காக (பின்னால் அந்த அளவு சம்பளமுள்ளவரை வாங்க உதவும் உரிமை) கையில் நின்றது. ஒவ்வொரு நகர்வும் எந்தக் கோட்டுக்குக் கீழே வருவதற்காக என்பதை ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் விடை வரும். (செல்டிக்ஸும் புனிதர்கள் அல்ல. விதி தெரிந்தே 2024 ஏப்ரலில் முப்பதுகளின் நடுவை நெருங்கும் ஹாலிடேக்கு நான்காண்டு, 135 மில்லியன் கொடுத்தது அவர்கள்தான். கோர்னெட்டை விட்டது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.)

பேஸ்பாலில் அப்படிச் சுவர் கிடையாது. ஐபிஎல் ஏலம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வரி: அங்கே 2025இல் ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய், அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை, இங்கே உச்சவரம்பே இல்லை, வரி மட்டும்தான். 2026க்கு வரிக்கோடு 244 மில்லியன். ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்கு. முதல் ஆண்டு தாண்டினால் மிகையில் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டிலிருந்து 50. மிகை 20 மில்லியனைத் தாண்டும் பகுதிக்குக் கூடுதலாக 12 சதவீதம். சரியாக 244இல் நிற்கும் ஓர் அணி, டெவர்ஸ் போல ஆண்டுக்கு 30 மில்லியன் வாங்கும் ஒருவரைச் சேர்த்தால் என்ன ஆகும்? முதல் 20 மில்லியனுக்கு 4, அடுத்த 10க்கு 3.2, ஆக 7.2 மில்லியன் வரி. இரண்டாம் ஆண்டானால் 10.2. மூன்றாம் ஆண்டானால் 16.2. டிராஃப்ட் இடம் பத்துப் படி இறங்குவது மிகை 40 மில்லியனைத் தாண்டினால்தான். ட்ரேட் செய்யத் தடையில்லை. ஃப்ரீ ஏஜென்ட் எடுக்கத் தடையில்லை, சில டிராஃப்ட் உரிமைகள் போகும், அவ்வளவே. 2002இல் வாங்கிய அணியின் மதிப்பு இன்று 5 பில்லியனை நெருங்குகிறது. அந்த உரிமையாளருக்கு 10 மில்லியன் வரி ஒரு முடிவு. செல்டிக்ஸுக்கு இரண்டாம் ஏப்ரன் ஒரு தடை. இரண்டையும் ஒரே குரலில் 'நிலைத்து நிற்பதற்காக' என்று சொன்னால் கேட்பவர்கள் நம்புவதில்லை.

நம்பாததற்கு முன்வரலாறும் உண்டு. 2018 பட்டத்துக்காக வரி கட்டினீர்கள், 2019இலும் கட்டினீர்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 25 மில்லியன். 2020இல் கட்டினால் மூன்றாம் ஆண்டு, 50 சதவீதம். வரிக்கணக்கைப் புதிதாகத் தொடங்க, 2018இன் எம்விபி (லீக்கின் சிறந்த வீரர்) மூக்கி பெட்ஸை டேவிட் பிரைஸோடு கட்டி லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினீர்கள். பிரைஸின் மிச்சச் சம்பளத்தில் பாதியை, 48 மில்லியனை, நீங்களே கொடுத்தீர்கள். வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். டவுன்ஸை 2022 டிசம்பரில் பட்டியலிலிருந்து நீக்கினீர்கள். வெர்டூகோவை 2023 டிசம்பரில் யாங்கீஸுக்கே விற்றீர்கள். வாங் இரண்டாம் கேட்சராக இருக்கிறார். பெட்ஸ் அங்கே போய் ஐந்தே மாதத்தில் 12 ஆண்டு, 365 மில்லியனுக்கு ஒப்புக்கொண்டார். 2020, 2024, 2025 என்று மூன்று பட்டம்.

சரி, வரியைக் குறைத்தாயிற்று, இனி கோட்டை மதிப்பீர்கள் என்று நினைத்தால், 2022 வந்தது. பிரிவில் கடைசி, 78-84. ஆகஸ்ட் 2 ட்ரேட் கெடுவுக்குள் ஜே.டி. மார்டினெஸையோ நேதன் இயோவால்டியையோ விற்றிருந்தால் கோட்டுக்குக் கீழே வந்திருக்கலாம். விற்கவில்லை. கேட்சர் வாஸ்கெஸை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டு இவர்களை வைத்துக்கொண்டீர்கள். சில மில்லியன் வித்தியாசத்தில் வரிக்கோட்டைத் தாண்டினீர்கள். விளைவு: அந்தக் குளிர்காலத்தில் சாண்டர் போகார்ட்ஸ் 11 ஆண்டு 280 மில்லியனுக்கு சான் டியேகோவுக்கும், இயோவால்டி டெக்சஸுக்கும் போனபோது ஈடாகக் கிடைக்க வேண்டிய டிராஃப்ட் உரிமைகள் இரண்டாம் சுற்றுக்குப் பின் வராமல் நான்காம் சுற்றுக்குப் பின்னால் போயின. பட்டத்துக்காக வரி கட்டலாம், புரியும். கடைசி இடத்துக்கு வரி கட்டிய கணக்கை இதுவரை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை.

2023 நவம்பரில் முழு வேகத்தில் இறங்குவோம் என்று வெர்னர் சொன்னார். அடுத்த மாதமே கிறிஸ் சேலை அட்லாண்டாவுக்கு அனுப்பி, அவர் சம்பளத்தில் 17 மில்லியனையும் கூடவே அனுப்பினீர்கள். 2024இல் சேல் 18-3, ஈஆர்ஏ 2.38, நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. மாற்றாக வந்த வான் கிரிசம் 2025 முழுவதும் வொர்செஸ்டரில் இருந்தார். சேலின் உடல் தாங்குமா என்பது அப்போது நியாயமான சந்தேகம். அதை நானும் ஏற்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடலாம். பெட்ஸ், போகார்ட்ஸ், சேல், டெவர்ஸ், பிரெக்மன் என்று அடுக்கும்போதுதான் பழக்கம் தெரிகிறது.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் வெறும் புலம்பல் ஆகிவிடும். குரோஷேயை எடுத்ததும், ஆறு ஆண்டு 170 மில்லியனுக்குக் கட்டிப்போட்டதும் சமீபத்தில் இந்த லீக்கில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆந்தனிக்கு எட்டு ஆண்டு 130 மில்லியன், ராஃபேலாவுக்கு எட்டு ஆண்டு 50 மில்லியன் என்று இளையவர்களைச் சம்பள நடுவர் விசாரணைக்கு வரும் முன்பே பிடித்தது பெட்ஸிடமிருந்து கற்ற பாடம்தான். இந்தக் குளிர்காலத்தில் பிட்சர் சன்னி கிரே வந்தார், முதல் பேஸுக்கு வில்சன் கன்ட்ரேராஸ் வந்தார், பிரெக்மன் போன சில நாளில் பிட்சர் ரேஞ்சர் சுவாரெஸுக்கு ஐந்து ஆண்டு 130 மில்லியன் கொடுத்தீர்கள். பணம் செலவழிக்கவே மாட்டார்கள் என்ற பேச்சு இனி செல்லாது. பிட்சிங் பலமாக இருக்கிறது. ஆனால் கன்ட்ரேராஸே கேட்சராக இருந்து முதல் பேஸுக்கு மாறியவர், 33 வயது. அவருக்கு ஏதாவது ஆனால் பழைய கதை மறுபடி. மூன்றாம் பேஸுக்கோ மார்செலோ மேயரைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை. அவர் ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்தவர், 2025ஐ மணிக்கட்டு அறுவையோடு முடித்தவர்.

ஆகவே கேட்பது இவை.

மூன்றாம் பேஸுக்கும் முதல் பேஸுக்கும் வழக்கமானவர் யார், அவர் விழுந்தால் அடுத்தவர் யார் என்று ஃபோர்ட் மயர்ஸ் வசந்த காலப் பயிற்சி முகாம் தொடங்கும் முன் பெயர் சொல்லுங்கள். அந்த அடுத்தவர் வொர்செஸ்டரில் அந்த இடத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டமாவது ஆடட்டும். பல இடம் ஆடும் உதவிக்காரரை எண்ணிக்கையில் சேர்த்துக் காட்ட வேண்டாம். வெளியிலிருந்து மூன்றாம் பேஸ் ஆட்டக்காரரை வாங்குவதென்றால் மார்ச் வரை இழுக்காமல் இப்போதே வாங்குங்கள். மேயருக்கும் தான் எங்கே ஆடப் போகிறோம் என்று தெரிய வேண்டும்.

எட்டாண்டு, பத்தாண்டு ஒப்பந்தம் கொடுத்த வீரரின் இடத்தை மாற்ற நினைத்தால், மாற்றாள் கையெழுத்திடும் முன் அந்த வீரரிடம் பேசிவிடுங்கள். ஆந்தனி ஒருநாள் முதல் பேஸுக்குப் போக நேரலாம், கேம்பல் புறக்களத்துக்குப் போக நேரலாம். ஒப்பந்தப் பேச்சிலேயே அதை வையுங்கள். புதிய இடத்துக்கு ஒரு முழு வசந்த காலப் பயிற்சி, சீசன் நடுவில் தவிர்க்க முடியாவிட்டால் குறைந்தது ஐந்து வாரப் பயிற்சி என்று உங்களுக்கு நீங்களே விதி செய்துகொள்ளுங்கள்.

ஓராண்டில் விலகும் உரிமையோடு யாரையாவது எடுத்தால், அவர் விலகுவார் என்றே வைத்துப் பட்டியல் போடுங்கள். பிரெக்மன் 114 ஆட்டத்தில் 18 ஹோம் ரன் அடித்த பிறகு விலகியதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்த உரிமை எழுதப்பட்ட நாளிலேயே 2026இன் மூன்றாம் பேஸ் காலியிடம்தான்.

நட்சத்திரத்தை ட்ரேட் செய்யும்போது பணம் காரணமென்றால் பணம் என்று சொல்லுங்கள். எவ்வளவு விடுபடுகிறது, வரிக்கோட்டிலிருந்து எங்கே நிற்கிறீர்கள், அந்தப் பணத்தை எந்தக் கெடுவுக்குள் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பப் போகிறீர்கள் என்பதை உரிமையாளரே, பேஸ்பால் அதிகாரியை முன்னால் தள்ளிவிடாமல், ஒரு வாரத்துக்குள் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து சொல்லட்டும். கேள்விகளுக்கும் பதில் சொல்லட்டும்.

கடைசியாக, வரிக்கோடு இந்த அணிக்கு எல்லையா இல்லையா என்று ஒருமுறை தெளிவாக அறிவியுங்கள். எல்லையென்றால் 2022 போல ட்ரேட் கெடு நேரத்தில் இரண்டு பக்கமும் சாயாமல், தோற்கும் ஆண்டில் ஒப்பந்தம் முடியும் வீரர்களை விற்றுக் கோட்டுக்குக் கீழே வாருங்கள். எல்லை இல்லையென்றால் வருகிற ட்ரேட் கெடுவுக்குள் முப்பது ஹோம் ரன் அடிக்கும் ஒருவரை வாங்குங்கள்.

இப்படிக்கு,
மாசசூசெட்ஸிலிருந்து ஒரு ரசிகர்